இடப்பக்க அன்ரெனா

யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். போன், கொம்பியூட்டர், அவற்றுக்குரிய வயர், உறை, கண்ணாடி என்று எல்லாம் விற்கிற கடை. சேர்ந்த நாள் முதல் என்னைக் கவுண்டரில்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருவர் போனை நீட்டுவார். நான் பழைய கண்ணாடியை உரித்து, திரையைத் துடைத்து, புதுக் கண்ணாடியை ஒட்டி, காற்றுக் குமிழியை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன். அவர் போவார். அடுத்தவர் நீட்டுவார். நெற்வேர்க்கிங் டிப்ளோமா முடித்து, சேர்ட்டிபிக்கற்றை லமினேற் பண்ணி வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவளுக்கு இது எப்படி இருக்கும்? அழுகை வராது. கொட்டாவி வரும்.

வெளிவேலைக்குக் கடைக்கார அண்ணைதான் போவார். வெளிவேலை என்றால் வீடுகளுக்கும் கந்தோர்களுக்கும் போய் இன்ரர்நெற் பூட்டிக் கொடுப்பது. ஏணி, துளைக்கிற மெஷின், வயர்ச் சுருள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் புறப்படுகிறபோது நான் குமிழி தள்ளிக்கொண்டிருப்பேன். அண்ணைக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. ஆட்களோடு கதைத்து எதையும் விற்றுவிடுவார். ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது.

கடையின் பின் அறையில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டது, நாலைந்து கை மாறி எங்களிடம் வந்திருந்தது. வீடுகளில் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டி மாதிரி இல்லை. இரும்பு உடம்பு, தூக்கினால் கைக்குப் பாரம். முதுகுப்பக்கத்தில் வரிசையாக மஞ்சள் ஓட்டைகள், அவை நெற் வயருக்கு. அவற்றுக்குப் பக்கத்தில் அதே அச்சில் வார்த்த மாதிரி ஒரு வெளிர்நீல ஓட்டை. இரண்டு பக்க ஓரத்திலும் புரி வெட்டிய பித்தளை வாய் ஒவ்வொன்று, தலையில் கறுப்பு இறப்பர் மூடி போட்டபடி. அவை அன்ரெனா திருகுகிற இடம்.

நீல ஓட்டைக்குள் நெற் வயரைச் செருகிவிட்டு ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தவள் நான். அதைச் சொல்ல வெட்கம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. அந்த ஓட்டை சீரியல் போர்ட். அதற்குள் இன்ரர்நெற் போகாது, வராது. ரவுட்டரோடு நேருக்கு நேர் கதைப்பதற்கு மட்டும் விட்ட வாசல் அது. அதற்கென்று தட்டையான நீல வயர் ஒன்று இருக்கிறது. ஒரு தலை அந்த ஓட்டைக்குப் பொருந்தும், மறு தலையில் ஒன்பது துளை. என் லப்ரொப்பில் அந்த ஒன்பது துளைக்கு ஏற்ற இடம் எங்கே இருக்கிறது? இடையில் ஒரு குட்டி அடப்ரர் போட வேண்டியிருந்தது. போட்டேன். திரையில் கேள்விக்குறியும் பெட்டி பெட்டியுமாக என்னவோ கொட்டியது. எங்கள் மாமி ஒருவர் கோபத்தில் கதைக்கிற வேகம் மாதிரி, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறுக்குக் குறைத்தேன். உடனே வடிவான எழுத்தில் ஒரு வரி வந்து, முனையில் கேர்சர் கண்ணடித்துக்கொண்டு நின்றது. கட்டளை கொடு, காத்திருக்கிறேன் என்கிற மாதிரி. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் பின் அறையில்தான். பழைய பாஸ்வேர்டை அழித்தேன், கடையில் கிடந்த இரண்டு அன்ரெனாவைத் திருகி வைஃபை எழுப்பினேன். கடைக்குள் மட்டும் அல்ல, எதிர்ப்பக்கத்துப் புடைவைக்கடை வரைக்கும் போனது.

அப்போதுதான் சாவகச்சேரியிலிருந்து ஒரு ரீச்சர் கடைக்கு வந்தார். இரசாயனவியல் படிப்பிக்கிறவர், சொந்தமாக ஒரு ரியூட்டரி நடத்துகிறார். உயர்தரப் பிள்ளைகளுக்கு அங்கே பௌதிகவியல் எடுத்த சேர் கொழும்புக்கு மாறிப் போய்விட்டார். இனி அங்கே இருந்தபடி திரையில் பாடம் எடுப்பார். இன்ரர்நெற் இருப்பது ரியூட்டரியின் மாடிக் கட்டடத்தில். பிள்ளைகள் இருப்பதோ ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டிலில்.

"ஒழுங்கைக்குக் குறுக்காலை ஒரு வயர் இழுத்தாச் சரிதானே, ரீச்சர்?" என்றார் அண்ணை.

"இழுத்தனாங்கள் தம்பி. வைக்கோல் லொறி ஒண்டு கொண்டு போட்டுது. கிளிநொச்சி மட்டும் போயிருக்கும்."

"அப்ப காத்தாலைதான் அனுப்போணும்."

"எப்பிடியெண்டாலும் அனுப்புங்கோ. சனிக்கிழமை எட்டு மணிக்கு முதல் பாடம். எட்டு மணிக்குப் படம் வராட்டி எட்டு அஞ்சுக்குப் பிள்ளையள் அடுத்த ஒழுங்கை ரியூட்டரியிலை இருப்பாங்கள்."

ரீச்சர் போனதும் நான் கவுண்டரை விட்டு இறங்கினேன்.

"அண்ணை, பின்னுக்குக் கிடக்கிற இரும்பு ரவுட்டர் உதுக்குக் காணும். நான் போய்ப் பூட்டுறன்."

"நீ போய்?"

"ஓம், நான் போய்."

"ஏணியிலை ஏறோணும்."

"ஏன், ஆம்பிளையளுக்கெண்டு தனியா ஏணி விக்கிறாங்களோ?"

அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "சரி. சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் கொட்டிலிலை படம் ஓடோணும். ஓடினா வெளிவேலை உன்ரை. ஓடாட்டிக் கண்ணாடியை ஒட்டு. பிறகு இந்தக் கதையை எடுக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலமை ரவுட்டரை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்ரெனா இரண்டும் என் தோள் பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன. கொண்டக்டர் ரிக்கெற் கிழிக்கிறபோது அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, பஸ்ஸுக்குள்ளை ரீவி பாக்கப் போறியளோ?"

"இல்லை அண்ணை, சாவகச்சேரியிலை இறங்கித்தான்."

"அப்ப ஆக்களின்ரை கண்ணிலை குத்தாமல் பிடியுங்கோ."

ரியூட்டரிக்கு நான் போய்ச் சேரப் பத்து மணி தாண்டிவிட்டது. ரீச்சரின் மேல்மாடிக் கந்தோரில் ஒரு மேசை, நாலு கதிரை, ஒழுங்கையைப் பார்த்த யன்னல், அதன் ஓரமாகச் சுவரில் ஒரு தட்டு. ஒரு அலுமாரியில் இரசாயனப் போத்தல்கள், அதற்கு எதிரே சாமிப் படங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு துப்புரவு. ஒரு தூசு இல்லை.

பெட்டியைத் திறந்து ரவுட்டரை மேசையில் வைத்தேன். வயரை எடுக்கக் குனிந்தபோது ரீச்சர் கையைக் காட்டினார்.

"பத்தரை தொடங்கிப் பன்ரண்டு மட்டும் இராகு காலம். அதுக்குள்ளை புதுச் சாமானுக்குக் கறண்ட் குடுக்க வேண்டாம், பிள்ளை."

"இது புதுசில்லை, ரீச்சர்."

"எங்களுக்குப் புதுசுதானே."

வெள்ளிக்கிழமை இராகு காலம் எத்தனை மணிக்கு என்று எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலும் அந்த நேரம் கழியவிட்டுத்தான் படலை தாண்டுவோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே இருக்கிற இணைப்புப் பெட்டியிலிருந்து வெளிச்சுவர் வழியாக மேல்மாடிக்கு வயர் இழுக்கிற வேலை எப்படியும் ஒரு மணித்தியாலத்துக்குமேல் பிடிக்கும். அதை முதலில் முடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பன்னிரண்டு அடித்த அந்த நிமிசமே எல்லாவற்றையும் பூட்டிவிட வேண்டும் என்கிற அவசரம். அதனால் பித்தளை வாய் இரண்டின் தலையிலும் இருந்த இறப்பர் மூடிகளைக் கழற்றிச் சுடிதார்ப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன். அன்ரெனாவைப் பூட்டுகிற வரைக்கும் கழற்றக் கூடாத மூடிகள் அவை. டிப்ளோமாவில் முதல் வாரமே சொல்லித்தந்த விசயம்.

ரீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரவுட்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதிலை முக்கியமான இடம் எது, பிள்ளை?"

"இந்த ரெண்டு வட்டமும்தான் ரீச்சர். இது கதைக்கிறதும் இதாலைதான், கேக்கிறதும் இதாலைதான்."

"இந்த நீல ஓட்டை?"

"அது எனக்கும் இவருக்கும் மட்டும்."

நல்ல பதில் சொன்னேன் என்று எனக்கு ஒரு பெருமை. அப்படியே ஏணியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

ஏணியில் ஏறுவது பற்றி அண்ணைக்கு இருந்த பயம் வீண் பயம். ஷோலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி, கிளிப் அடித்து அடித்து வயரை மேலே கொண்டு போனேன். ஒழுங்கையால் போன இரண்டு சைக்கிள்காரர் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள். ஒருவர், "பிள்ளை, கொஞ்சம் இடப்பக்கம் சரியுது" என்றார். சரிந்துதான் இருந்தது. நேராக்கினேன். ஏணியின் உச்சியில் நான் நிற்கிறபோது யன்னலுக்குள்ளிருந்து ரீச்சரின் குரல் கேட்டது.

"பிள்ளை, பொட்டு வைக்கட்டோ?"

"வடிவா வையுங்கோ, ரீச்சர்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் புதுச் சைக்கிளுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் பொட்டு வைக்காமல் யாரும் தொடங்குவதில்லை. எங்கள் கடைப் போட்டோக்கொப்பி மெஷினுக்கே வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் உண்டு. மேல்தகட்டில் ஒரு பொட்டு விழுந்தால் ரவுட்டருக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கிளிப்பை அடித்தேன்.

பன்னிரண்டு தாண்டி நான் மேலே வந்தபோது ரவுட்டர் மேசையில் இல்லை. ரீச்சர் அதை யன்னலோரத் தட்டில் ஏற்றி, முகம் எங்களைப் பார்க்க, முதுகு சுவரைப் பார்க்க வைத்திருந்தார். மேல்தகட்டில் மூன்று பொட்டு, நடுவில் ஒரு செவ்வரத்தம் பூ, பக்கத்தில் ஊதுபத்தி. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் பார்க்காமலே பூட்டுகிற கெட்டித்தனத்தை ரீச்சருக்குக் காட்ட வேண்டும் எனக்கு. கையைப் பின்னால் விட்டு, விரலால் புரியைத் தேடிப் பிடித்து, அன்ரெனா இரண்டையும் திருகினேன். தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றின. அருமையான சாமான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு வயரைச் செருகி, நல்ல நேரத்தில் கறண்ட் கொடுத்தேன். விளக்குகள் பச்சையாக எரிந்தன. ரீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து கொட்டிலுக்கு ஓடினேன். திரையில் ரியூட்டரியின் பெயர் வந்தது, போனது, திரும்ப வந்தது. ஒரே ஒரு சிக்னல் கோடு. ஏதாவது திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தகரக் கூரைதான் காரணம் என்றேன். வெளியே கொண்டு போய் வைத்துப் பார்த்தேன், அதே ஒரு கோடு. பக்கத்து வீட்டு வைஃபை முட்டுகிறதாக்கும் என்றேன். மேலே ஏறி, கையால் தடவியே நீல வயரைச் செருகி, கறுப்புத் திரையில் சனலை மாற்றினேன். இறங்கி ஓடினேன். ஒரு கோடு. அன்ரெனாக்களை நேராக நிறுத்தினேன், சரித்தேன், ஒன்றை நிறுத்தி ஒன்றைச் சரித்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஓட்டம். ஒழுங்கையை எத்தனை தரம் கடந்தேனோ தெரியாது, முன் வீட்டு நாய் குரைக்கிறதை விட்டுவிட்டுப் படுத்துவிட்டது.

ரீச்சர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"சத்தத்தைக் கூட்ட ஏலாதோ, பிள்ளை?"

"கூட்டிப்போட்டன் ரீச்சர். இதுக்கு மேலை கூட்ட இடமில்லை."

"கடையிலை வேலை செய்தது எண்டனீ?"

"ஓம். எதிர்ப்பக்கத்துப் புடைவைக்கடை மட்டும் போனது."

"அப்ப எங்கடை ஊர்தான் பிழையோ?" என்று கேட்டுவிட்டு என்னை மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. நாளைக்கு எட்டு மணிக்குக் கொட்டிலில் பிள்ளைகள் வந்து இருப்பார்கள். எட்டு ஐந்துக்கு எழும்புவார்கள். திங்கட்கிழமை நான் குமிழி தள்ளுவேன், அடுத்த வருசமும் தள்ளுவேன்.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா லப்ரொப்பைப் பார்த்தேன். அது ரவுட்டருக்கு முன்னால், இரண்டு முழத் தூரத்தில் மேசையில் இருந்தது. அங்கேயும் இரண்டு கோடுதான் காட்டியது.

ஒழுங்கை, தகரம், பக்கத்து வீடு ஒன்றிலும் பிழை இல்லை. பிழை ரவுட்டரிலேயே இருக்கிறது. இதைப் பன்னிரண்டரைக்கே பார்த்திருக்க வேண்டியவள், இரண்டரைக்குத்தான் பார்த்தேன். கறண்டை நிற்பாட்டி, பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரவுட்டரை முதன்முதலாகத் திருப்பினேன். இடப்பக்க அன்ரெனாவைக் கழற்றினேன். புரியெல்லாம் மஞ்சள். வாய்க்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கிற மெல்லிய ஊசி தெரியவில்லை. சந்தனம் இறுகிப்போய் நிறைந்திருந்தது, நடுவில் ஒரு சிவப்பு.

"ரீச்சர், பொட்டு எங்கை எங்கை வைச்சனீங்கள்?"

"மேல்தகட்டிலை மூண்டு. பிறகு நீ சொன்ன முக்கியமான ரெண்டு இடத்திலையும். விரல் நுனிக்கு அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்திது."

"உள்ளை ஒரு ஊசி இருந்திருக்குமே?"

"கண்டனான். குங்குமம் நடுவிலை வைக்க அது நல்ல வசதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்கிறதைப் பார்த்து ரீச்சரும் சிரித்தார். பிறகுதான் என்ன நடந்தது என்று விளங்கி, சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை. நான் இரசாயனம் படிப்பிக்கிறவள்."

அடுத்த நிமிசம் அவர் வேறு ஆளாகிவிட்டார். அலுமாரியைத் திறந்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தார். "தண்ணி வேண்டாம், உள்ளை ஈரம் நிக்கும். இது காத்தோடை போயிடும்." காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, வலப்பக்க வாய்க்குள் விட்டு, ஊசியைச் சுற்றி மெல்ல மெல்ல ஊறப்போட்டு எடுத்தார். குச்சி மாற்றினார், திரும்ப ஊறவிட்டார். ஆய்வுகூடத்தில் நிற்கிற நிதானம்.

இடப்பக்கத்தை நான் எடுத்தேன். எனக்கு எங்கே நிதானம்? மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். ஊறட்டும் என்று பொறுக்காமல் ஷோலில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தை நோண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று நோண்டுகிறபோது உள்ளே டிக் என்று ஒரு சத்தம். சந்தனத்தோடு ஊசியும் முறிந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

ரீச்சர் குச்சியைக் கீழே வைத்தார். "அது முக்கியமோ?"

"ஓம், ரீச்சர்."

முறிந்த ஊசியை மேசையில் வைத்துவிட்டு வாய்க்குள் திரும்ப எட்டிப் பார்த்தேன்.

இடப்பக்கம் போய்விட்டது. வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் இந்த ரவுட்டர் இரண்டையும் மாறி மாறிப் பாவிக்கிற சாதி, ஒன்று செத்தது தெரியாமல் அதன் வழியாகவும் கதைத்துக்கொண்டே இருக்கும். பாதி கதை காற்றோடு போய்விடும். அதற்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நீல வயரைத் திரும்பவும் செருகினேன். கேர்சர் கண்ணடித்தது. அன்ரெனா பற்றிய கட்டளை எதுவென்று எனக்கு நினைவில்லை. கேள்விக்குறி போட்டுப் போட்டுக் கேட்டேன், அது தனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாகக் காட்டியது. அந்த வரிசையில் கீழே கிடந்தது, இடம், வலம், இரண்டும் என்று மூன்று தெரிவு. அனுப்புவதும் வலத்தால், வாங்குவதும் வலத்தால் என்று இரண்டு வரி அடித்தேன். சேமித்தேன். வலப்பக்கத்தில் அன்ரெனாவை, இந்த முறை கண்ணால் பார்த்துத்தான், திருகினேன்.

கொட்டிலுக்குள் மூன்று கோடு. லப்ரொப்பை யன்னலோரம் தள்ளி வைத்தால் நாலு. ரீச்சர் மேல்மாடியிலிருந்து வீடியோவில் என்னைக் கூப்பிட்டார். திரையில் அவர் முகம் அசைந்தது, உடையாமல். "தெரியுதோ?" என்றார். "தெரியுது ரீச்சர். நெற்றியிலை சந்தனம் கூடத் தெரியுது."

பஸ்ஸுக்குப் போக முதல் ஒரு வேலை செய்தேன். இடப்பக்க அன்ரெனாவையும் எடுத்து, முறிந்துபோன வாயில் திருகி நிறுத்திவிட்டேன். அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இரண்டு அன்ரெனாவும் நிமிர்ந்து நிற்கிற ரவுட்டரைப் பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ரீச்சர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், செவ்வரத்தம் பூவை எடுத்துத் திரும்ப மேல்தகட்டில் வைத்தார்.

சனிக்கிழமை ஏழரைக்கே நான் கொட்டிலில் நின்றேன். பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். எட்டு மணிக்குத் திரையில் சேர் வந்து, "எல்லாருக்கும் கேக்குதோ?" என்று கேட்டார். பின் வரிசையில் ஒருவன், "சேர் கொழும்புக்குப் போய் மெலிஞ்சு போனார்" என்றான். கொட்டில் சிரித்தது, அந்தச் சிரிப்பு கொழும்புக்கும் போய்ச் சேருக்குக் கேட்டது. பிறகு பாடம் தொடங்கியது. எட்டு ஐந்துக்கு யாரும் எழும்பவில்லை. எட்டேகாலுக்கும் எழும்பவில்லை.

ஒன்பது மணிபோல அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கொட்டில் வாசலில் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னோடு மேல்மாடிக்கு ஏறி ரவுட்டரைப் பார்த்தார், யன்னலால் எட்டி வெளிச்சுவரில் ஓடுகிற வயரைப் பார்த்தார், கிளிப்புகளை எண்ணுகிறவர் மாதிரி மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார்.

"நேரா இழுத்திருக்கிறாய்."

"ஓம் அண்ணை."

"சரி, சொன்ன சொல்லுச் சொன்னதுதான். வெளிவேலை இனி உன்ரை."

இதைக் கேட்கத்தான் இத்தனை ஓட்டம். கேட்டாயிற்று. ஆனால் என் கண் போய் இடப்பக்க அன்ரெனாவில் நின்றது. அது சும்மா நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஆறு மாதத்தில் யாராவது வந்து அந்த இரண்டு வரியை மாற்றினால் இந்தக் கொட்டில் திரும்பவும் ஒரு கோட்டுக்கு வந்துவிடும், என்ன காரணம் என்று ஒருவருக்கும் விளங்காது. நான் நேற்று ஓடின ஓட்டத்தை இன்னொருவர் ஓடுவார்.

"அண்ணை, இடப்பக்கத்தது வேலை செய்யாது."

"என்ன?"

"உள்ளை ஊசி முறிஞ்சு போச்சு. சும்மா திருகி வைச்சிருக்கிறன்."

ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "தம்பி, பிழை என்ரை. உள்ளுக்குச் சந்தனம் வைச்சது நான்."

"சந்தனமோ?"

"மூடியைக் கழட்டி வைச்சிட்டு ஏணியிலை ஏறினது நான்" என்றேன். "ஷோல் பின்னாலை நோண்டி முறிச்சதும் நான். ரீச்சர் துடைச்ச பக்கம் நல்லாத்தான் இருக்கு."

அண்ணை ரவுட்டரைத் திருப்பினார். இடப்பக்க அன்ரெனாவைக் கழற்றி, வாய்க்குள் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "வாசமா இருக்கு" என்றார். பிறகு சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "மூடி எங்கை?"

பொக்கற்றிலிருந்து எடுத்து நீட்டினேன். நேற்றுப் போட்ட அதே சுடிதாரைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றை எடுத்து அந்த வெறும் வாயில் போட்டு அழுத்தினார்.

"காலமை கவுண்டர்" என்றார். "பின்னேரம் வெளிவேலை. உன்ரை அவசரம் குறைஞ்ச பிறகு முழுநாளைப் பாப்பம்."

அரை நாள். ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் தலையை ஆட்டித் தடுத்தேன். முழுதாகக் கையில் விழுந்ததை நானே பாதியாக்கியிருக்கிறேன், அதற்கு ரீச்சர் வாதாடுவது சரியில்லை. ஆனால் பாதியையாவது ஒழுங்காகப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. அண்ணை கீழே இறங்கிப் போகிறபோது பின்னாலேயே போனேன்.

"பின்னேரம் எண்டா எத்தினை மணி, அண்ணை?"

"ரெண்டு."

"ஒண்டரை."

அவர் ஹெல்மெற்றைப் போட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

திங்கட்கிழமை ஒன்று இருபத்தைந்துக்கு நான் ஏணியோடு கடை வாசலில் நின்றேன்.